பகலில் தூங்குகிறவளின் அறை

ஃப்ரீசரில் இரவெல்லாம் கிடந்த ஸ்பூன் சூடாக இருந்தது.

கொதிக்கிற சூடு இல்லை. யாரோ அதை இவ்வளவு நேரமும் கன்னத்தோடு அழுத்தி வைத்திருந்துவிட்டு, காலடிச் சத்தம் கேட்டதும் அவசரமாக உள்ளே போட்டு மூடியதைப் போன்ற, உடம்புச் சூடு. சுற்றிலும் மற்றதெல்லாம் உறைந்துதான் கிடந்தது. பட்டாணிப் பொட்டலம் கல்லாக இருந்தது, ஐஸ் தட்டு விரலைப் பிடித்து இழுத்தது. ஸ்பூன் கிடந்த இடத்தில் மட்டும் வெள்ளைப் பொருக்கு கரைந்து, ஸ்பூன் அளவுக்கே ஒரு பள்ளம் விழுந்து, அதில் கொஞ்சம் தண்ணீர் நின்றது. பெரியவள் ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டு, திறந்த கதவிலிருந்து குளிர் காலில் இறங்குவதுகூடத் தெரியாமல் நின்றாள். வெளியே பால் வண்டி போகிற சத்தம் கேட்டது. வீட்டில் இன்னும் யாரும் எழுந்திருக்கவில்லை.

இவளைப் பெரியவள் என்பார்கள். மூத்த மகனின் மனைவி, அதனால் பெரியவள். இளையவனின் மனைவி சின்னவள். மாமியார் உயிரோடு இருந்தபோது வைத்த பேர். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் பேர் மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது.

ஸ்பூன் விஷயம் வேறொன்றுமில்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம். விடிந்ததும் குளிர்ந்த ஸ்பூனின் முதுகைக் கண்ணடியில் வைத்து அழுத்தினால் கறுப்பு குறையும் என்று யாரோ சொன்னார்கள். சொல்லாதவர் யார்? உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கி வை, வெள்ளரிக்காயை வை, டீத்தூள் பையை நனைத்து வை, இரும்புச் சத்து மாத்திரை போடு, தலையணையை உயர்த்திப் படு. எல்லாம் பார்த்தாகிவிட்டது. தோல் டாக்டர் ஒருவர் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "தோல் மெல்லிசும்மா, பரம்பரையா வர்றது, ஒண்ணும் பயமில்ல" என்று சிரித்தார். பயமில்லைதான். அவர் முகத்திலா இருக்கிறது?

பள்ளிக்கூடத்தில் இவளுக்கு ஆந்தை என்று பேர். வளர்ந்த பிறகு யாரும் அப்படிக் கூப்பிடவில்லை, ஆனால் பார்க்கிறவர்கள் எல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "என்ன, ராத்திரி தூங்கலையா?" தூக்கமா! சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்தால், அடித்துப்போட்ட மாதிரி தூங்குகிறவள் இவள். இடி விழுந்தாலும் புரண்டு படுப்பாளே தவிர எழுந்திருக்க மாட்டாள். "நீ தூங்கறப்ப வீட்டையே தூக்கிட்டுப் போனாலும் தெரியாது" என்று புருஷன் கிண்டல் பண்ணுவான். அப்படித் தூங்கி எழுந்து, கண்ணாடியில் பார்த்தால், மாசக் கணக்கில் காய்ச்சலில் கிடந்தவள் முகம்.

கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்தது ஒரு விதத்தில் நல்லதாயிற்று. வருகிறவர்களின் மூக்கில் ஃப்ரேமை மாட்டி, காதுக்குப் பின்னால் சரி பண்ணி, "இது உங்க முகத்துக்கு எடுப்பா இருக்கு சார்" என்று சொல்வது வேலை. அதில் ஒரு சூட்சுமம் கண்டுபிடித்தாள். கீழ் விளிம்பு தடிப்பாக இருக்கிற ஃப்ரேம், சரியாகக் கருவளையத்தின் மேல் உட்காரும். கறுப்பு மேல் கறுப்பு, யாருக்கும் சட்டென்று தெரியாது. அன்றிலிருந்து இவளும் பவர் இல்லாத கண்ணாடி போட ஆரம்பித்தாள். பார்வை கழுகுப் பார்வை, ஆனால் குளிக்கும்போதும் படுக்கும்போதும் மட்டும்தான் கழட்டுவாள்.

சின்னவளோ ஆஸ்பத்திரியில் நர்ஸ். எப்போதும் நைட் டியூட்டி. ஊர் அடங்கும்போது சீருடை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போய், விடிய விடிய முழித்திருந்து, வெயில் ஏறும்போது வந்து ஷூவைக் கழட்டுவாள். அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே! கண்ணடி கழுவித் துடைத்து வைத்த பீங்கான் மாதிரி இருக்கும். ஒரு நிழல், ஒரு சுருக்கம் கிடையாது. முழித்திருப்பவள் அவள், கறுப்பது இவள். எந்த ஊர் நியாயம் இது? பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான், அதை எதற்கு மூடி மறைக்கவேண்டும்? வயிறு எரிந்தது. தினமும், அவள் வாசலில் குனிந்து ஷூ லேஸை அவிழ்க்கிற ஒவ்வொரு காலையும் எரிந்தது.

அன்றைக்கு அவள் வந்ததும் வராததுமாகப் பெரியவள் ஸ்பூனை நீட்டிக் கேட்டாள். "இதை நீ எடுத்தியா?"

சின்னவள் கொட்டாவியைக் கையால் மறைத்துக்கொண்டு ஸ்பூனைப் பார்த்தாள். "நான் இப்பதானேக்கா உள்ளயே வர்றேன். எனக்கெதுக்கு அது?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆனால் அந்தக் கடைசி வார்த்தையைப் பெரியவள் நாளெல்லாம் மென்றுகொண்டிருந்தாள். எனக்கெதுக்கு அது. ஆமாம், மகாராணிக்கு எதுக்கு?

"பிரிட்ஜ் பழசாயிடுச்சு, வேற என்ன" என்றான் புருஷன். கொழுந்தன், "அண்ணி, ஸ்பூனுக்குக் காய்ச்சலா இருக்கும், என் பொண்டாட்டியை ஒரு ஊசி போடச் சொல்லவா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பாப்பாவும் சிரித்தாள்.

பாப்பா இவள் பெற்ற பெண். இவளுக்கு வலி எல்லாம் அங்கேதான் இருந்தது. திரும்ப வேலைக்குப் போக ஆரம்பித்தபோது, நர்சரி வேனில் வந்து இறங்குகிற குழந்தையைக் கூட்டி வந்து சோறு ஊட்டிப் படுக்கவைக்கச் சின்னவளிடம் கேட்டது இவளேதான். "அதுக்கென்னக்கா, என் பக்கத்துலயே போட்டுக்கறேன்" என்றாள் அவள். அவளுக்குப் பிள்ளை இல்லை. பகலில் தூங்குகிறவள் என்பதால் அவள் அறை ஜன்னலில் கனமான கறுப்புத் துணி ஒன்று ஆணியில் மாட்டியிருக்கும். நட்ட நடுப் பகலிலும் உள்ளே கை தெரியாத இருட்டு. அந்த இருட்டில் பாப்பா சித்தியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் தூங்குவாள். பெரியவள் கடையிலிருந்து வந்து கூப்பிட்டால், வெளியே வந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் சித்தி கூட" என்று திரும்ப உள்ளே ஓடுவாள். கதவு திறந்து மூடுகிற அந்த நொடியில், உள்ளேயிருந்து தலையணைக்கு அடிப்பக்கத்து வாசனை ஒன்று வரும். வெதுவெதுப்பாக, பால் வாசனையும் வியர்வையும் கலந்து. பெரியவள் மூடின கதவுக்கு முன்னால் கைப்பையை இறக்காமல் நிற்பாள்.

ஸ்பூன் மறுநாளும் சூடாக இருந்தது. அதற்கடுத்த நாளும். வேறு ஸ்பூனை வைத்துப் பார்த்தாள், அதுவும் அப்படியே. ஒரு காலையில் எரிச்சலில், சூடோ குளிரோ போகட்டும் என்று அப்படியே எடுத்து இடது கண்ணடியில் வைத்து அழுத்தினாள்.

எதுவோ இளகியது. ஆறிய பாலின் மேல் படிந்த ஆடையை விரலால் ஒதுக்கும்போது ஒரு பக்கமாக நகருமே, அதைப் போலத் தோலுக்கு அடியில் நகர்ந்தது. வலி இல்லை, ஆனால் காதுக்குள் ஒரு அடைப்பு. ஸ்பூனை எடுத்துப் பார்த்தாள். முதுகில் கறுப்பாக அப்பியிருந்தது. மை இல்லை, கரி இல்லை. குழாயடியில் காட்டினாள், தண்ணீர் அதன் மேல் படாமல் விலகி ஓடியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல ஊர்ந்து, விளிம்பைச் சுற்றி வந்து, ஸ்பூனின் குழிக்குள் இறங்கி உட்கார்ந்தது.

குளியலறைக் கண்ணாடிக்கு ஓடினாள். இடது கண்ணுக்குக் கீழே ஒரு விரல் அகலத்துக்குத் தோல் வெளுப்பாக, வழவழப்பாக இருந்தது. தன் முகத்தில் அந்த இடத்தைப் பெரியவள் அதுவரைக்கும் பார்த்ததே இல்லை. தொட்டுப் பார்த்தாள். அழுகை வந்துவிட்டது.

அன்றைக்கு ஸ்பூனைக் கண்ணாடி துடைக்கிற மெல்லிய துணியில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனாள். கைப்பை இடுப்பில் படும்போதெல்லாம் சூடாக இருந்தது. ஒரு பெரியவரின் மூக்கில் ஃப்ரேமை மாட்டிக்கொண்டிருந்தபோது, சுட்டெடுத்த ரொட்டியைப் பையில் வைத்திருக்கிறாயா என்று அவர் கேட்டார். சாயங்காலம் வீடு வந்து பார்த்தால் ஸ்பூன் வெறுமையாக, குளிர்ந்து கிடந்தது. கறுப்பு பழையபடி கண்ணடியில் வந்து உட்கார்ந்திருந்தது.

அதற்கப்புறம் அவள் பல விதமாகப் பார்த்தாள். காலையில் இரண்டு கண்ணையும் ஒற்றி எடுத்து, சுவரில் தேய்த்தாள். ஒட்டவில்லை. தலையணையில் தேய்த்தாள். உருளைக்கிழங்கில், தன் குதிகாலில், பாப்பாவின் பழைய பொம்மையின் முகத்தில் தேய்த்தாள். எதிலும் ஏறவில்லை. ஸ்பூனின் குழியில் அது பொறுமையாக, லேசாக ஏறி இறங்கிக்கொண்டு கிடந்தது. மூச்சு விடுகிறதா என்று ஒருமுறை காதருகில் கொண்டுபோனாள். தூங்குகிறவர்களின் மூச்சு எப்படியிருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அதுதான். சாயங்காலம் ஆனால் தானாகத் திரும்பி வந்துவிடும். அதற்கு வேறு எதுவும் வேண்டாம், ஒரு கண்ணடிதான் வேண்டும் என்று அப்போது புரிந்தது. புரிந்ததும் அவளுக்கு ஒரே ஒரு முகம்தான் நினைவுக்கு வந்தது. சே, என்ன புத்தி இது என்று ஸ்பூனைத் தூக்கி அடுப்புத் திட்டின் மூலையில் போட்டாள்.

அந்தச் சே ரொம்ப நாள் தாங்கவில்லை.

நர்சரியில் அம்மாக்களை அழைத்திருந்தார்கள். குழந்தைகள் பாடுவார்கள், அம்மாக்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கவேண்டும். பெரியவள் கடையில் லீவு சொல்லிவிட்டு, நல்ல உடுப்பு எடுத்து வைத்தாள். பாப்பா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, நீ வராத. சித்தி வரட்டும்."

"ஏண்டி கண்ணு?"

"போன தடவை எல்லாரும் கேட்டாங்க, உங்கம்மாவுக்கு உடம்பு சரியில்லையான்னு. ஒரு பையன் உன்னப் பாத்து அழுதான்." குழந்தை யோசித்துவிட்டு, சமாதானம் சொல்கிற மாதிரி, "நீ வீட்டுல தூங்கு" என்றாள்.

சித்தி வந்தாள், போனாள். நைட் டியூட்டி முடித்து, ஒரு பொட்டுத் தூக்கமில்லாமல், ஷூவைக்கூடக் கழட்டாமல் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது இரண்டு பேர் முகமும் பூரித்திருந்தது. "அங்க ஒருத்தங்க, குழந்தை அப்படியே உங்களையே உரிச்சு வெச்சிருக்குன்னு சொன்னாங்கக்கா" என்று சின்னவள் சிரித்தாள். "நானும் பேசாம இருந்துட்டேன்."

பேசாம இருந்துட்டாளாம். பெரியவள் சிரித்தாள். உதடு வலித்தது.

மறுநாள் தலைவலி என்று சொல்லிக் கடையிலிருந்து பாதி நாளில் கிளம்பினாள். துணியில் சுற்றிய ஸ்பூன் கையிலேயே இருந்தது. காலையில் அழுத்தி அழுத்தி ஒற்றி எடுத்ததில் குழி தளும்பிக் கிடந்தது. வேன் வருவதற்கு இன்னும் நேரமிருந்தது. தெருவில் நல்ல வெயில். ஒரு வீட்டு மாடியில் யாரோ துணி உதறினார்கள், யாரோ ரேடியோவைத் திருகினார்கள், எங்கேயோ கடுகு வெடிக்கிற வாசனை வந்தது. எல்லாம் எப்போதும் போலத்தான் இருந்தது. சாவி பூட்டில் திரும்புகிற சத்தம் மட்டும் அவளுக்குப் பெரிதாகக் கேட்டது.

அந்த அறைக் கதவைத் திறந்து உள்ளே போய்ச் சாத்தினாள். இருட்டு. கண் பழகுவதற்காகக் கதவில் சாய்ந்து நின்றாள். கறுப்புத் துணியின் ஓரத்தில் ஒரு நூல் கனத்துக்கு வெளிச்சம் தெரிந்தது. ஆஸ்பத்திரி மருந்து வாசனை, அதற்கடியில் வெதுவெதுப்பான அந்தத் தலையணை வாசனை. கட்டிலில் மூச்சு சீராகப் போய்வந்தது. கையிலிருந்த மூச்சும் அதோடு சேர்ந்துகொண்டது. கொஞ்ச நேரம் முன்னேயும் பின்னேயுமாக இருந்தது. பிறகு ஒன்றாயிற்று.

துணியைப் பிரித்தாள். குனிந்தாள். இருட்டிலும் அந்த முகம் வெளுப்பாகத் தெரிந்தது.

"அக்காவா?" சின்னவள் கண்ணைத் திறக்கவில்லை. குரலில் பாதித் தூக்கம். "தலைவலியா? டிராயர்ல மாத்திரை இருக்கு. எடுத்துக்கோங்க."

அந்த நொடியில் கையை இழுத்துக்கொண்டிருக்கலாம். இழுக்கத்தான் நினைத்தாள். ஆனால் அப்போது அந்த முகம் தூக்கத்தில் லேசாகச் சிரித்தது. பாப்பாவைப் பார்த்துச் சிரிக்கிற அதே சிரிப்பு.

அழுத்தினாள். இடது. வலது. ஒரு உறிஞ்சல் சத்தம். ஸ்பூன் சட்டென்று ஜில்லிட்டது.

கை விறைத்துப்போய் வெளியே வந்து, சோபாவில் உட்கார்ந்து, வேன் ஹாரன் கேட்கும்வரை அசையாமல் இருந்தாள். பிறகு எழுந்துபோய்க் குழந்தையை இறக்கினாள். பாப்பா நிமிர்ந்து பார்த்து, "அம்மா, உன் மூஞ்சி நல்லாருக்கு!" என்றாள்.

அடேயப்பா, அந்த நாட்கள்! கடையில் கண் பரிசோதிக்கிறவர் விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "என்ன மேடம், ஆளே மாறிட்டீங்க. லீவுல எங்கயாவது போனீங்களா?" முதலாளியம்மா என்ன கிரீம் என்று கேட்டுத் துளைத்தாள். பெரியவள் பவர் இல்லாத கண்ணாடியைக் கழட்டி மேஜை டிராயரில் போட்டாள். நர்சரி வாசலில் நின்று, மற்ற அம்மாக்களோடு நிமிர்ந்து பேசினாள். புருஷன் சாப்பிடும்போது தட்டைப் பார்க்காமல் இவளைப் பார்த்தான். பாப்பாவைத் தன்னோடு படுக்கவைத்துக்கொண்டாள். குழந்தையும் கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்தபடி, "அழகு அம்மா" என்றாள். இதற்காக எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று பெரியவளுக்குத் தோன்றியது.

தூக்கம்தான் வரவில்லை.

முதலில் சந்தோஷத்தில் வரவில்லை என்று நினைத்தாள். அப்புறம்தான் உறைத்தது. கொட்டாவிகூட வருவதில்லை. அலுப்பும் இல்லை. படுத்தால் உடம்பு மரக்கட்டை மாதிரி கிடந்தது, கண் மட்டும் திறந்திருந்தது. மூடினால் இமைக்குள்ளும் அதே விழிப்பு. மின்விசிறியின் கிறீச்சு, தண்ணீர்த் தொட்டியில் சொட்டு விழுவது, புருஷனின் குறட்டை, பாப்பா பல்லைக் கடிப்பது, எல்லாம் தனித்தனியாகக் காதில் விழுந்துகொண்டேயிருந்தன. காலையில் எழுந்து கண்ணாடி பார்த்தால் முகம் பளபளவென்று இருந்தது. ஒரு சுருக்கம் இல்லை.

சின்னவள் இரண்டு பேருக்கும் சேர்த்துத் தூங்கினாள். டியூட்டிக்கு எழுப்பினால் எழுந்து உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே தூங்கினாள். சாப்பிடும்போது கை வாய்க்கும் தட்டுக்கும் நடுவில் நின்றுபோகும். முதலில் கண்ணடியில் மட்டும் கறுப்பாக இருந்தது. "அக்கா, உங்களது எனக்கு ஒட்டிக்கிச்சு பாத்தீங்களா?" என்று வேடிக்கையாகச் சொன்னாள். அப்புறம் கறுப்பு கன்ன எலும்பைத் தாண்டியது. ரத்தம் கம்மி என்றார் டாக்டர். மாத்திரை எழுதினார். ஒரு கட்டத்தில் அவள் கட்டிலைவிட்டு இறங்குவதே நின்றுபோனது. கொழுந்தன் தாடி வளர்த்துக்கொண்டு, அறை வாசலிலேயே உட்கார்ந்திருந்தான்.

திரும்ப எடுத்துவிடலாம் என்று பெரியவள் நினைக்காமலில்லை. ஒருநாள் கதவு வரைக்கும் போனாள். கைப்பிடியைத் தொட்டபோது, ஹாலிலிருந்து பாப்பா, "அழகு அம்மா, இங்க வா" என்று கூப்பிட்டாள். திரும்பி வந்துவிட்டாள்.

ஆனால் பாப்பாவை அந்த அறையிலிருந்து முழுசாகப் பிரிக்க முடியவில்லை. "சித்திக்கு உடம்பு சரியில்ல, உள்ள போகாத" என்று சொன்னாள், மிரட்டினாள், ஒரு அடியும் வைத்தாள். கண் மறைந்தால் போதும், குழந்தை கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்ச் சித்தியின் கையைத் தூக்கித் தன் மேல் போட்டுக்கொண்டு படுத்துவிடும். வெளியே இழுத்து வந்தால் நின்றபடியே தலை தொங்கும். "அங்க நல்லாத் தூக்கம் வருதும்மா. நீயும் வாயேன்" என்றாள் ஒருமுறை. பெரியவள் அவளை வெளிச்சத்துக்குத் தூக்கி வந்து கண்ணடியைப் பார்த்தாள். ஒன்றுமில்லை. லேசான நிழல். விளையாடிய அழுக்காக இருக்கும். எச்சில் தொட்டுத் துடைத்தாள். போகவில்லை. வெயில் பட்டிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சின்னவளை எழுப்பவே முடியவில்லை. தண்ணீர் தெளித்தார்கள், கன்னத்தில் தட்டினார்கள். அண்ணனும் தம்பியும் ஆஸ்பத்திரிக்குச் சொல்லி வண்டி எடுத்து வர ஓடினார்கள். "குழந்தைய அந்தப் பக்கம் விடாத" என்று புருஷன் படியிறங்கும்போது கத்தினான்.

பெரியவள் திரும்பிப் பார்த்தாள். ஹாலில் பாப்பா இல்லை.

படுக்கையறையில் இல்லை. குளியலறையில் இல்லை. சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பாப்பா, பாப்பா என்று கூப்பிட்டாள். பதில் இல்லை. ஆனால் வீட்டுக்குள் ஒரு சத்தம் இருந்தது, முதலிலிருந்தே இருந்தது, பழகிப்போய்க் காதில் விழாமல் இருந்தது. மூச்சுச் சத்தம். இழுத்து, நிறுத்தி, விடுகிற நீண்ட மூச்சு. அது அந்த அறையிலிருந்து வந்தது. சுவரிலிருந்தே வருகிற மாதிரி பெரிதாக வந்தது.

கதவைத் திறந்தாள். வெதுவெதுப்பு முகத்தில் மோதியது. இருட்டு.

"பாப்பா?"

மூச்சு. ஒரே மூச்சு. கட்டிலில் இரண்டு உடம்பு.

தடவிக்கொண்டே ஜன்னலுக்குப் போனாள். கறுப்புத் துணி கைக்குச் சூடாக இருந்தது. பிடித்து இழுத்தாள். ஆணி தெறித்தது. மத்தியான வெயில் அப்படியே கட்டில் மேல் விழுந்தது.

சின்னவள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அவள் கைக்குள் பாப்பா. அந்தச் சின்ன முகத்தில், மூடிய கண்களுக்குக் கீழே, அவளுடைய உள்ளங்கை அளவுக்கு இரண்டு கறுப்பு. வெயில் அதன் மேல் விழுந்தும் அது வெளுக்கவில்லை.

"ஐயோ, என் தங்கமே!"

குலுக்கினாள். தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. இமை பிரியவில்லை. பெரியவள் கட்டிலில் விழுந்து, தன் கன்னத்தைக் குழந்தையின் கன்னத்தோடு, தன் கண்ணடியைக் குழந்தையின் கண்ணடியோடு வைத்து அழுத்தினாள். "வந்துடு. என்கிட்டயே வந்துடு. என்னுதுதானே நீ, வந்துடு. இவளுக்கு வேணாம். எனக்கு எத்தன வேணும்னாலும் குடு." தேய்த்தாள். கெஞ்சினாள். எதுவும் நகரவில்லை. அதற்கு இவள் முகம் வேண்டாம் போலிருந்தது.

மூச்சு நின்றது. இரண்டும் ஒன்றாக.

பெரியவள் முகத்தைத் தூக்கினாள்.

பாப்பாவின் இமைகள் மூடியபடியே இருந்தன. அவற்றுக்குக் கீழே, ஒவ்வொரு கறுப்புக்கு நடுவிலும், குறுக்காக ஒரு கோடு. ஈரமான கோடு. அது மெல்லப் பிரிந்தது. உள்ளே வெள்ளை இல்லை. ஆனால் பார்த்தது. வெளிச்சத்துக்குக் கூசிச் சுருங்கியது, திரும்ப விரிந்தது, இவள் முகத்தை நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் நிதானமாகப் பார்த்தது.

"யாரு?" என்று கேட்டாள் பாப்பா.

"நான்தாண்டி கண்ணு. அம்மா. அம்மா வந்திருக்கேன்."

குழந்தை கொஞ்சம் யோசித்தது. பிறகு, வீட்டுக்கு வந்தவர்களிடம் எப்படிப் பேசவேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிற மாதிரி, மரியாதையாகச் சொன்னது.

"சத்தம் போடாதீங்க பெரியம்மா. அம்மா தூங்கறாங்க."

"நான்தாண்டி உங்கம்மா!"

சின்னவளின் கை தூக்கத்தில் அசைந்து, பாப்பாவை இன்னும் நெருக்கமாக இழுத்து அணைத்துக்கொண்டது. அவள் முகத்திலும், கறுப்புக்கு நடுவில், அதே போல இரண்டு திறந்தன. குழந்தை அந்தக் கழுத்துக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு, பார்வையை மட்டும் இவள் பக்கமே வைத்திருந்தது.

"வெளிச்சம் கூசுது பெரியம்மா" என்றது. "அந்தத் துணிய மாட்டிட்டுப் போங்க."

நான்கும் இவளையே பார்த்துக்கொண்டிருந்தன. பெரியவள் குனிந்து, தரையில் கிடந்த கறுப்புத் துணியை எடுத்தாள்.